வாய் நிறையத் தண்ணீர்

திக்கிப் பேசும் பிள்ளைகளுக்கு நாம் சொல் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவர்களாக முடிக்கிறவரை காத்திருக்க வேண்டும். பேச்சுப் பயிற்சியில் முதல் பாடமே இதுதான். இதைச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கும் எனக்குத்தான் இது வராது. எதிரில் இரண்டு நொடி மௌனம் என்றால் உள்ளங்கை வேர்த்துவிடும். மூன்றாவது நொடியில் ஏதாவது ஜோக் அடித்துவிடுவேன்.

படிப்பை நடுவில் விட்ட பிள்ளைகளுக்காகத் திண்டிவனத்தில் நடக்கும் பயிற்சி மையத்துக்கு விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் போய்வருகிறேன். அங்கே பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி. அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போனதில் இரண்டு வருஷப் படிப்பு போச்சு. எட்டாவதில் சேரும் அளவுக்கு எங்களிடம் படித்துவிட்டாள். ஆனால் சேரப்போகும் பள்ளியின் தலைமையாசிரியைக்குச் சந்தேகம். "பேச்சே வராதாமே சார், ஆறாவதுல போடலாமே. எதுக்கும் நேர்ல கூட்டிக்கினு வாங்க."

போகிற வழியில் அவள் கறாராகச் சொன்னாள்: "சார், நீ-நீங்க நடுவுல பே-பேசாதீங்க."

என் வாய்மேல் எனக்கே நம்பிக்கை கிடையாது. அறைக்குள் நுழையும் முன் பாட்டிலைத் திறந்து, வாய் நிறையத் தண்ணீரை அடக்கிக்கொண்டேன்.

"எந்த கிளாஸ்ல சேரணும்மா?"

"எ... எ..."

மின்விசிறி சுற்றியது. என் கன்னம் வெடிக்கப் பார்த்தது. தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க சார்."

தலையாட்டினேன்.

"என்ன சார், பல்வலியா?"

அதற்கும் தலையாட்டினேன். மூக்கு வழியாக ஒரு சொட்டு இறங்கியது.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எ-எட்டாவது டீச்சர். ஆ... ஆறாவதுல என் த-தம்பி கீறான். பக்கத்துல உ-உக்காந்தா என்னைப் பா-பாத்து எழுதுவான்."

தலைமையாசிரியை சிரித்துவிட்டார். தமிழ்ப் புத்தகத்தை நீட்டினார். ஒரு பக்கம் படித்தாள். நாலைந்து இடத்தில் மாட்டினாள். ஒவ்வொன்றிலிருந்தும் அவளேதான் வெளியே வந்தாள். விண்ணப்பத்தில் 'எட்டு' என்று எழுதியதைப் பார்த்த பிறகுதான் தண்ணீரை விழுங்கினேன். அப்படி ஒரு ருசியான தண்ணீரை நான் குடித்ததில்லை.

பஸ் நிறுத்தத்தில் அவள் அம்மா காத்திருந்தார். "என்னா சார் சொன்னாங்க?"

"அவளையே கேளுங்க."

அவள் ஆரம்பித்தாள். "எ... எ..."

"எட்டாவதா? எட்டாவதுன்ட்டாங்களா?"

"நீ சு-சும்மா இரும்மா. நா சொ-சொல்றேன்ல."

முதலிலிருந்து சொன்னாள், ஒன்றையும் விடாமல். பாதிக் கதையில் அவர்கள் போக வேண்டிய ஒலக்கூர் பஸ் வந்தது, பின்னாலேயே என் விழுப்புரம் பஸ்ஸும். நாங்கள் மூன்று பேருமே ஏறவில்லை.