மாட்டுக்கு அள்ளின உப்பு

எங்கள் ஊரில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். என்னுடையவர் கடலோடு சேர்ந்த வாவிக்கு அந்தப் பக்கம், கொக்கட்டிச்சோலை வயற்காரர். நெல்லைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்வார். உப்பு அவருக்குக் கறியில் கிடக்கிற ஒன்று, அவ்வளவுதான். நானோ உப்புப் பள்ளத்தின் கரையில் நடை பழகினவள்.

நாங்கள் கல்யாணம் முடித்தது யுத்த காலத்தில். கடையில் உப்பு இல்லை. அந்த வருஷம் கச்சான் காற்று விடாமல் வீசி, வாவி வற்றி, மீன் அள்ள அள்ளக் கிடைத்தது. அதைக் கருவாடாக்கினால்தான் மாரி முழுக்க எங்களுக்குக் கறி. அப்பா கொண்டுவந்து குவித்ததைப் பார்த்து அம்மா சத்தம் போட்டா.

“பொழுதுபட முன்னம் உப்புப் போடாட்டி எல்லாம் நாறிப்போகும். பள்ளத்துக்கு ஓடுகா!”

“நானும் வாறன்” என்று எழும்பினார் இவர். வந்த நாள் முதல் வீட்டில் யாரும் ஒரு வேலைக்கும் கூப்பிடவில்லை என்று அவருக்கு உள்ளுக்குள் குறை.

பள்ளத்தில் தண்ணீர் எண்ணெய் மாதிரித் தடித்துக் கிடந்தது. அடியில் உப்பு, கல்லுக் கல்லாக. அதை அந்தத் தண்ணீரிலேயே அலசிக் கடகத்தில் வாரி வடியவிட வேண்டும். முழுக்கக் காயட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கைப்பெல்லாம் கடைசித் தண்ணீரில்தான் நிற்கும். முன்பு அள்ளிய பெண்கள் அந்த மிச்சத் தண்ணீரை வெட்டிவிட்ட ஒரு குழி பக்கத்திலேயே காய்ந்து கிடந்தது. ஊசி ஊசியாக, கண் கூசும் வெள்ளை. இவர் நேரே அங்கே போய்விட்டார்.

“புள்ள, நீ ஏன் சேத்துக்குள்ள கிடந்து உழக்கிற? இஞ்ச பார், சுத்த வெள்ள!”

“அது கைக்கிற உப்பு மச்சான். திண்டா வயித்தால போகும்.”

“பகிடி விடாத.”

“நாக்கில வைச்சுப் பாருங்களன்.”

ஒரு கிள்ளு வாயில் போட்டார். முகம் ஒரு பக்கம் கோணியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. “நல்லாத்தான் இரிக்கு” என்று விழுங்கிவிட்டு, கடகம் நிறைய அதையே அள்ளினார். வெயிலில் நின்று புது மாப்பிள்ளையோடு வாதாட எனக்கு மனமில்லை. வீட்டில் ஒரு மூலையில் ஒதுக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

ஆனால் வீட்டு முற்றத்தில் பெரியம்மா, சின்னம்மா எல்லோரும் இருந்து மீன் கீறிக்கொண்டிருந்தார்கள். அம்மா இரண்டு கடகத்தையும் பார்த்தா.

“மருமகன் அள்ளினத்தப் பாருங்ககா! இவளும் அள்ளியிரிக்காள், சேறு.”

சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் அவருடைய கடகத்துக்குள் விட்டா. இவர் கடகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவ்வளவு பெரிய உடம்பு, அன்றைக்குச் சின்னப்பிள்ளை மாதிரி நின்றது. மீனும் போகக் கூடாது, அத்தனை பெண்களுக்கு முன்னால் அவர் தலையும் குனியக் கூடாது.

“அம்மா, அதில கை வைக்காதீங்க! அது அவர் மாட்டுக்கெண்டு அள்ளினது.”

“மாட்டுக்கா?”

“ஓம் மாமி,” என்றார் இவர், உடனே. “வயிறு கட்டின மாட்டுக்குக் கரைச்சுப் பருக்கிறது.” சொன்ன விதத்தில் நானே நம்பிவிட்டேன்.

“அப்ப நாளைக்கே கொண்டு குடுங்க மருமகன். இஞ்ச கிடந்தா ஆரும் கறிக்குள்ள போட்டிருவாங்க.”

சேற்று உப்பு மீனுக்குப் போனது. மறுநாள் இவர் அந்தக் கடகத்தைத் தோணியில் ஏற்றிக்கொண்டு வாவி கடந்தார். அங்கே மெய்யாகவே உழவு மாடு ஒன்று சாணி போடாமல் படுத்துக் கிடந்ததாம். அவருடைய அப்பா கரைத்துப் பருக்கினாராம். பொழுதுபட முன்னம் மாடு எழும்பிவிட்டது, மாட்டுத் தொழுவம் முழுக்கக் கழுவ வேண்டியும் வந்தது. ஒரு சட்டி எருமைத் தயிரோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினார் என்னுடையவர்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையும் நான் பள்ளத்தில் அள்ள, அவர் குழியில் அள்ளுவார். அந்தப் பக்கத்து மாட்டுக்காரர் கேட்டு வாங்கிப்போவார்கள். தலை நரைத்த பிறகு ஒரு நாள் கேட்டேன்.

“இப்பயாவது மெய்யச் சொல்லுங்க மச்சான். அண்டைக்கு அது கைக்கல்லையா?”

“இல்ல புள்ள,” என்றார். “நல்லாத்தான் இருந்திச்சு.”