படியேறாத மாரிமுத்து

போன வெள்ளிக்கிழமை வெள்ளவத்தையில் செல்லத்துரையரைக் கண்டேன் — பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ப்பக்கம் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன, உள்ள போகேல்லையோ?"

"பெரியப்பா மோசம் போயிட்டார். சாவுத் துடக்கெல்லோ! வாசல் மிதிக்கலாமே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சாவு வீட்டுக்காரரோடு நடுறோட்டில் சண்டை பிடிக்க முடியுமா? ஆகவே, வாசகர்களே, உங்களிடம் கொட்டுகிறேன்.

இந்த வருஷம் எனக்கு ஜூரி அழைப்பு வந்தது. தமிழ் பேசும் ஜூரிகள், என்னோடு ஏழு பேர். தலைவர், இதே செல்லத்துரையர். கொலை வழக்கு. கொட்டாஞ்சேனையில் இருக்கும் துறைமுகக் கூலி மாரிமுத்து, கூடப்பிறந்த அண்ணனையே குத்திக் கொன்றான் என்பது குற்றச்சாட்டு. குத்தியதைக் கண்டவர் யாருமில்லை. கத்தியும் அகப்படவில்லை. முதல்நாள் இருவரும் வாய்ச்சண்டை போட்டதைத் தெருவே கேட்டிருக்கிறது... அவ்வளவுதான்.

பிறகு செத்தவனுடைய மனைவியின் தம்பி சாட்சிக் கூண்டில் ஏறினான். பிரேதம் எடுத்த மறுநாள் இவன் மாரிமுத்துவைப் பிடித்து, "நீ செய்யலேன்னா அம்மன் கோயிலுக்குள்ள வந்து சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணுடா" என்று கேட்டானாம். மாரிமுத்து வாசல்வரை வந்து, படியேறாமல் திரும்பிப் போய்விட்டானாம்.

ஜூரிமார் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஏன் திரும்பினான் என்று அவனுடைய வக்கீல் ஒரு கேள்வி கேட்கவேண்டாமா? கேட்கவில்லை. பாவம், அவர் தேவாலயத்துக்குப் போகிறவர். இந்தச் சங்கதியெல்லாம் அவருக்கு எங்கே தெரியும்?

ஜூரி அறைக்குள் கதிரையில் அமருமுன்பே செல்லத்துரையர் முடிவு கட்டிவிட்டார். "அம்மாளுக்கு முன்னால நிக்கப் பயந்தவன். வேற என்ன சாட்சி வேணும்?"

"ஐயா, செத்தது சொந்தத் தமையன். அவனுக்குத் துடக்கு. கோயிலுக்குள்ள எப்பிடிப் போவான்?" என்றேன்.

"கழுத்துக்குக் கயிறு வாற நேரத்தில ஆர் துடக்குப் பாக்கிறது? சும்மா விசர்க்கதை கதையாதையும்!"

என் பக்கம் நின்றவர் மருதானைக் கடைக்கார முஸ்லிம் நானா ஒருவர்தான். "சுத்தமில்லாம நாங்களும் பள்ளிக்குள்ள போறல்லதானே" என்றார். மற்றவர்கள் அசையவில்லை. ஐந்துக்கு இரண்டு. சட்டத்துக்கு ஐந்து பேர் போதும்.

தண்டனைக்கு முன் சொல்ல ஏதும் உண்டா என்று மாரிமுத்துவைக் கேட்டார்கள். அவன் கைகூப்பினான். "தொரைகளே, தீட்டு கழிஞ்சிருச்சுங்க. இப்பக் கூட்டிட்டுப் போனீங்கன்னா சூடம் அணைக்கிறேனுங்க."

செல்லத்துரையர் சால்வையைச் சரிசெய்துகொண்டார். மொழிபெயர்ப்பாளரோ வெள்ளைக்கார நீதிபதியிடம் ஒரே வசனம்தான் சொன்னார்: "விசேஷமாக ஒன்றுமில்லை, பிரபு."

போன மாதம் தூக்கிலிட்டார்கள். சாமிக்குப் பயந்த ஒருவனை, சாமிக்குப் பயந்த ஐந்து பேர் சேர்ந்து அனுப்பிவைத்தார்கள்.