நூற்றுக்கு நாற்பது

பச்சைத் தேயிலை கிலோ ஐந்து ரூபாய்க்கும் கீழே இறங்கிய காலம். கோத்தகிரிப் பக்கத்துச் சின்ன பாக்டரிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அப்படி மூடிய ஒன்றில் பொன்னுத்துரை இருபத்திரண்டு வருடம் இலை எடை போட்டவர். சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்து இறங்கியவர். படிப்பு ஐந்தாவதோடு சரி. ஆனால் தராசு முள் நிற்பதற்குள் தொகையைச் சொல்லிவிடுவார். கணக்கில் அவரை மடக்க முடியாது என்று பாக்டரியில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்திருந்தது.

கிராஜுவிட்டி முப்பதாயிரம் வந்தது. நல்ல தூளாகப் பார்த்து வாங்கி, துணிப்பையில் அடைத்து, ஊட்டியில் டூரிஸ்ட் கடைகளுக்குப் போடலாம் என்று கிளம்பினார். மார்க்கெட் பக்கம் கடை வைத்திருந்த கோயம்புத்தூர்க்காரர் சுப்பண்ணன், விற்றால் முப்பது சதவீதம் தனக்கு என்றார். பொன்னுத்துரை நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டார். தூள், பை, லேபிள், பஸ் கூலி எல்லாம் சேர்த்து கிலோவுக்கு அடக்கம் நூறு ரூபாய். கடைக்கு முப்பது, தனக்குப் பத்து. விலை நூற்று நாற்பது.

சரக்கு நன்றாகவே ஓடியது. மனைவி வேலாயி பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து பை தைத்தாள். அதே முப்பது சதவீதப் பேச்சில் ஒரு கடை ஐந்து கடையானது. கடைக்காரர்கள் தங்கள் பங்கைப் பிடித்துக்கொண்டு அவ்வப்போது மொத்தமாகக் கொடுத்த பணத்தை அப்படியே வாங்கிக்கொண்டார். கிலோவுக்குப் பத்து ரூபாயை மட்டும் வீட்டுச் செலவுக்கு எடுத்தார். அதற்கு மேல் ஒரு பைசா தொடவில்லை. அப்படியும் கையிலிருந்த முதல் மாதாமாதம் தேய்ந்தது. பணம் விற்காத சரக்காகக் கடைகளில் கிடக்கிறது என்று நினைத்தார். இன்னும் கூட விற்றால் சரியாகிவிடும் என்று வேலாயியின் தோட்டை ஆறாயிரத்துக்கு விற்றுத் தூள் வாங்கினார்.

ஒன்றரை வருடத்தில் அதுவும் போயிற்று. மீதிச் சரக்கைத் திருப்பி எடுக்க ஐந்து கடைக்கும் போனார். எங்கும் ஒரு பை கூட மீதியில்லை. சுப்பண்ணனிடம் கடைசியாக வந்து, கிலோவுக்கு எவ்வளவு பிடித்தீர்கள் என்று கேட்டார். நாற்பத்திரண்டு என்றார் சுப்பண்ணன். முப்பதுதானே பேச்சு என்றார் இவர்.

"ஏனுங்க, விக்கிற விலையிலதானுங்க முப்பது சதவீதம் கேட்டேன். நூத்தி நாப்பதுக்கு நாப்பத்திரண்டு வருதுங்க. நீங்க அடக்கத்து மேல முப்பது போட்டுட்டீங்களாட்ட இருக்குது."

நூற்று நாற்பதில் நாற்பத்திரண்டு போனால் தொண்ணூற்றெட்டு. விற்ற ஒவ்வொரு கிலோவிலும் இரண்டு ரூபாய் நட்டம். லாபம் என்று நினைத்து எடுத்த பத்தும் முதலிலிருந்தே போயிருக்கிறது. நூற்றறுபது விலை வைத்தால் விற்குமா என்று கேட்டார். பக்கத்துக் கடையில் நூற்றைம்பதுக்குக் கிடைக்கும்போது யார் வாங்குவார்கள் என்றார் சுப்பண்ணன். அவர் ஏமாற்றவில்லை என்பது பொன்னுத்துரைக்கு விளங்கியது. கோபப்படவும் ஆளில்லை.

வீட்டில் வேலாயியிடம் மறைக்காமல் சொன்னார். அவள் தைத்துக்கொண்டிருந்த பையை மடியில் வைத்தாள்.

"அப்ப, ஒண்ணுமே விக்காம இருந்திருந்தா தோடாவது மிஞ்சியிருக்குமா?"

"மிஞ்சியிருக்கும்."

அன்று அவள் அடுப்பு மூட்டவில்லை.

தேயிலை விழுந்ததால் பொன்னுத்துரையும் விழுந்தார் என்றே ஊரில் எல்லோரும் நம்பினார்கள். அவரும் ஆமாம் என்று தலையாட்டினார். அடுத்த மாதம் மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிக்கு மூட்டை தூக்கப் போனார். அங்கே எடை போட ஒரு ஆள் தேவைப்பட்டது. தெரியுமா என்று கேட்டதற்கு, தெரியாது என்றார்.