ஹட்டனுக்குப் பிரஷர் பார்க்கப் போன கதை

மலையகத்துக்குப் போகிறேன் என்றால் எல்லோரும் அருவியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வார்கள். நான் அங்கே போவதோ சேற்றில் நிற்கும், மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தின் ஒயில் குழாய்களைக் கழற்றத்தான். போன ஜூலை மழையில், ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு ஏறும் ஒரே பாதையில் பெரிய பாறை விழுந்துவிட்டது. அதை உடைக்க வந்த பெக்கோவின் பிரேக்கர், அதாவது கையின் நுனியில் மாட்டும் பெரிய சுத்தியல், உயிரில்லாமல் தட்டிக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டு வரச் சொல்லி கொழும்பிலிருந்து என்னை அனுப்பினார்கள்.

அதிகாலை நாலரைக்கு பஸ். கினிகத்தேனையில் ஒரு பிளேன்டீ, ஒன்பதரைக்கு ஹட்டன். (சுவெட்டரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். நான் ஒவ்வொரு முறையும் அதைத்தான் செய்து நடுங்குகிறேன்.) பஸ் நிலையத்தில் ஆட்டோ பிடித்தேன், தோட்டம் பதினொரு கிலோமீற்றர், ஆயிரத்து ஐந்நூறு ரூபா. ஓட்டியவர் செல்வம், முப்பது வயதுக்குள் இருக்கும். அதே தோட்டத்துக்காரர்.

"எதுக்குங்க மிஸ் எங்க தோட்டத்துக்குப் போறீங்க?"

"பிரஷர் பார்க்க வந்தனான், தம்பி."

எனக்கு யாழ்ப்பாணம். பாதியைச் சொல்லிவிட்டு மீதியை மற்றவர் விளங்கிக்கொள்ளட்டும் என்று விடுவது என் பழக்கம். செல்வம் கண்ணாடியில் என் பெட்டியைப் பார்த்தார். பிறகு வண்டியை விரட்டினார் பாருங்கள், வளைவுக்கு வளைவு பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பாறைக்கு முன்னால் நிறுத்திவிட்டுக் காசைத் தொடவே மாட்டேன் என்றார்.

"ஒங்ககிட்ட காசு வாங்குவேனா? மொதல்ல வீட்டுக்கு வாங்க மிஸ்."

தேத்தண்ணி தரப்போகிறார் என்று நினைத்தேன். அந்தக் குளிரில் தேத்தண்ணி என்றால் நான் எங்கும் போவேன். பாறையோரம் வழுக்கும் ஒற்றையடித் தடத்தில் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற, நான் பின்னால் ஏறினேன்.

லயத்து வாசலில் அவர் மனைவி கலா நிறைமாதமாக உட்கார்ந்திருந்தார். "பிரஷர் பாக்குற மிஸ் வந்திட்டாங்க," என்றார் செல்வம். கலா சட்டைக் கையைச் சுருட்டிக் கையை நீட்டினார்.

கலாவுக்கு இரத்த அழுத்தம் கூடியிருந்ததாம். அன்றைக்கே வார்டில் வந்து சேரும்படி கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். ஆட்டோ மேலே வராது. அந்தத் தடத்தில் முதல் நாள் விழப் பார்த்திருக்கிறார். பாறை உடையாவிட்டால் மாலையில் நாற்காலியில் கட்டித் தூக்கிப்போவது என்று முடிவு.

"தங்கச்சி, நான் பெக்கோவுக்குப் பிரஷர் பார்க்கிற ஆள்," என்றேன். செல்வத்தின் முகம் விழுந்துவிட்டது. கலாதான் சிரித்தார்.

"பரவாயில்லங்க மிஸ். மொதல்ல அதுக்கே பாருங்க. அது நல்லாயிட்டா நான் ஆட்டோவுலயே போயிருவேன்ல."

கீழே வந்தேன். ஓப்பரேட்டர் சிங்களவர். "ப்ரஷர் ஹொந்தய் மிஸ்," என்று அழுத்தமானியின் முள்ளைக் காட்டினார். அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வேலையில் பிரஷரை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஒயில் போக வழியில்லாவிட்டாலும் முள் ஏறும். சுத்தியல் அடிக்க ஒயில் ஓட வேண்டும். இயந்திரத்தை நிறுத்தி, குழாய்களில் மிஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றி, பிரேக்கரின் இரண்டு ஹோஸையும் கழற்றி ஓட்டமானியில் மாட்டினேன். ஒயில் சூடானதும் மெல்லச் சுமை ஏற்றிப் பார்த்தேன். நிமிடத்துக்கு நூற்றிருபது லீற்றர் வரவேண்டிய இடத்தில் அறுபத்திரண்டு வந்தது. பம்ப் பழுதென்றால் ஒரு வாரம் போய்விடும். செல்வம் பக்கத்தில் நின்று எண்ணை எட்டிப் பார்த்தார்.

ஒயில் நெருக்கிக்கொண்டு போகும் இடம் சூடேறும் என்பதால், குழாய் வழியே வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு போனேன். பெக்கோவின் கையில் இருந்த வால்வு மட்டும் கொதித்தது. அதன் பிடி குழாயோடு நேராக, திறந்திருப்பதுபோலத்தான் நின்றது. இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிப் பிடியை ஆட்டினேன், கழன்று வந்தது. பாறையில் இடித்து, தண்டைப் பிடிக்கும் பல் தேய்ந்திருந்ததால் பிடி மட்டும் திரும்பியிருக்கிறது, உள்ளே வால்வு பாதி மூடியபடியே இருந்திருக்கிறது. ஸ்பேனரால் தண்டைத் திருப்பி மறுபடி அளந்தேன்.

"நூற்றிப் பதினெட்டு!" என்று நான் கத்தியது லயத்துக்கே கேட்டிருக்கும்.

மூன்று மணிக்குப் பாறை உடைந்து, ஆட்டோ நுழையும் அளவுக்கு வழி பிறந்தது. கலாவுக்குப் பக்கத்தில் நான், மடியில் பெட்டி. போகும்போது பறந்த செல்வம் இப்போது குழிக்குக் குழி நின்று ஊர்ந்தார். வளைவுகளில் கலா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் தாதி அளந்துவிட்டு, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. சில நாட்களில் செல்வம் அழைத்தார்: பெண் பிள்ளை, இரண்டு பேரும் சுகம்.

இந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு: மழைக்கோட்டும் வால்வுப் பிடி ஒன்றும் கொண்டுபோங்கள். பிடியை நம்பாதீர்கள், ஓட்டத்தை அளந்து பாருங்கள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் முழுதாகச் சொல்லுங்கள். இன்னொன்று, கையில் சுற்றி இரத்த அழுத்தம் பார்க்கும் சின்னக் கருவி ஒன்றையும் பெட்டியில் போடுங்கள். என் பெட்டியில் இப்போது அது ஓட்டமானிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

போன மாதம் வேறொரு வேலைக்குப் போனபோது அந்த லயத்துக்கும் ஏறினேன். பெட்டியைத் திறக்கும் முன்பே கலா கையை நீட்டிவிட்டார், மற்றக் கையில் பிள்ளை. கருவியைச் சுற்றி அளந்தேன், செல்வம் எட்டி எண்ணைப் பார்த்தார்.

"நூத்திப் பதினெட்டு. பெக்கோவுக்கும் இதானேங்க மிஸ்?"