எலும்பம்மா திரும்பப் பெற்ற கட்டுரை

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு எலும்பம்மா என்று பெயர். மார்பகத்தில் தொடங்கும் புற்றுநோய் எப்படி எலும்பில் போய்க் குடியேறுகிறது என்பதையே இருபத்தைந்து வருடமாகத் தோண்டித் துருவிக்கொண்டிருந்தவர். பட்டப்பெயர் அவர் காதிலும் விழுந்திருந்தது. "நல்லவேளை, நான் மண்டையோட்டை எடுத்துக்கல" என்பார்.

எழுதிய கட்டுரைகள் இருபத்தெட்டு. இருபத்தேழு கட்டுரைகளைச் சீந்த ஆளில்லை. பத்துப் பேர், பன்னிரண்டு பேர் மேற்கோள் காட்டியிருந்தால் அதிகம். முப்பத்தாறு வயதில் எழுதிய ஒன்றுதான் சக்கைப்போடு போட்டது. ஒரு புரதத்தை முடக்கிவிட்டால் மார்பகப் புற்றுநோய் செல்கள் எலும்பில் காலூன்ற முடியாது என்று காட்டிய கட்டுரை. ஆயிரத்து நூறு பேர் அதை மேற்கோள் காட்டியிருந்தார்கள். வேலை நிரந்தரமானதே அதனால்தான். ஐம்பத்திரண்டு வயதில் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்ததும் அதை நம்பித்தான்.

விண்ணப்பம் போட்ட கையோடு, புதுக் கட்டுரை ஒன்றுக்காக ஓர் ஆய்விதழ் அவரிடம் மரபணுச் சோதனை அறிக்கை கேட்டது. பயன்படுத்தும் செல்கள் எந்த உறுப்பைச் சேர்ந்தவை என்று உறுதிப்படுத்த வேண்டுமாம். பதினெட்டு வருடமாக அவரோடு இருக்கும் ஆய்வக உதவியாளர் குப்பியக்கா, உறைகலனிலிருந்து மூன்று குப்பிகளை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். ஒன்பதாம் நாள் அறிக்கை வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"மேடம், இது மார்பக செல்லே இல்லையாம். சிறுநீரகத்துதாம்."

"குப்பி மாறியிருக்கும்."

"மூணுமே அப்படித்தான் வந்திருக்கு. ஒண்ணு, அந்தப் பெரிய கட்டுரைக்காக அப்போ நாம உறைய வச்சது."

எலும்பம்மா அறிக்கையை வாங்கி முதல் வரியிலிருந்து படித்தார். வாங்கிய இடத்திலேயே மாறியதா, தன் கைதான் ஒருநாள் தவறியதா? இனி அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

"பதவி உயர்வு வந்தப்புறம் சொல்லேன். ஆறு மாசம்தானே?"

"ஆயிரத்து நூறு பேர் இதை நம்பி வேலை பார்க்கிறாங்க. அதுல யார் கையில நோயாளிங்க இருக்காங்களோ?"

கணவர் தட்டை எடுத்து வைத்தார். பிறகு, "சரி, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு எழுது" என்றார்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதினார். ஆய்விதழும் அறிவிப்பு வெளியிட்டது. பக்கத்து அறைக்காரர் மின்தூக்கியில் அவரைக் கண்டால் கைபேசிக்குள் தலையை விட்டுக்கொண்டார். கூத்து என்னவென்றால், அதற்குப் பிறகும் மூன்று மாதத்தில் முப்பது பேர் அதே கட்டுரையை மேற்கோள் காட்டினார்கள்.

"செத்தவங்க பேர்ல ஓட்டு விழற கதையா இருக்கே மேடம்!" என்றாள் குப்பியக்கா.

எலும்பம்மா ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுத உட்கார்ந்தார். பலர் பதிலே போடவில்லை. ஒருவர் கண்டபடி திட்டியிருந்தார். ஒரு மருத்துவர் மட்டும், அந்தப் புரதத்தை முடக்கும் மருந்தை அடுத்த மாதம் நாற்பது நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க இருந்ததாகவும், அதை நிறுத்திவிட்டதாகவும் எழுதியிருந்தார். எலும்பம்மா அதை இரண்டு தடவை படித்தார். எழுந்துபோய் வெகுநேரம் முகம் கழுவினார்.

தேர்வுக் குழுவின் முன்னால் உட்கார்ந்தபோது தலைவர் கணினிப் பட்டியலைப் பார்த்து மலர்ந்தார்.

"மேற்கோள் எண்ணிக்கை அமோகமா இருக்கே!"

பேசாமல் இருந்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கியும் பார்த்தார், முடியவில்லை.

"அதுல ஆயிரத்து நூத்தி முப்பதைக் கழிச்சிடுங்க, சார். அந்தக் கட்டுரையை நான் திரும்ப வாங்கிட்டேன்."

"கழிச்சா என்னம்மா மிஞ்சும்?"

"முன்னூத்திச் சொச்சம்."

பதவி வேறொருவருக்குப் போயிற்று. எலும்பம்மா அசல் மார்பக செல்களை வரவழைத்து, குப்பியக்காவோடு முதலிலிருந்து எல்லாச் சோதனைகளையும் செய்து பார்த்தார். இரண்டு வருடம் பிடித்தது. அந்தப் புரதத்தை முடக்கினாலும் செல்கள் எலும்பில் போய் ஒட்டத்தான் செய்தன. அதையும் கட்டுரையாக எழுதினார். அவர் இணைப் பேராசிரியராகவே ஓய்வு பெற்ற நாள்வரை அதை மேற்கோள் காட்டியவர்கள் ஒன்பது பேர்.

அன்று மேசையைக் காலி செய்ய உதவ வந்த கணவர் கேட்டார்: "வருத்தமா இருக்கா?"

"இருக்கு" என்றார் எலும்பம்மா. "அந்தப் பக்கம் பிடிங்க, பெட்டி கனக்குது."