மாறா வேகத்தில் இறங்கும் பாண் பை

கேள்வி சின்னதுதான். ஒப்பமான கப்பி ஒன்றின் மேலாகச் செல்லும் இலேசான நீளா இழையின் நுனியில் ஒரு வாளி தொங்குகிறது. வாளியை மாறா வேகத்தில் மேலே இழுக்கும்போதும், அதே வேகத்தில் கீழே இறக்கும்போதும் இழையிலுள்ள இழுவையைக் காண்க. இதை வாசித்துவிட்டு என் மகள் பேனையை மூடி வைத்தாள். மூடி வைத்துவிட்டு, தான் கணிதப் பிரிவை விட்டு வர்த்தகப் பிரிவுக்கு மாறப் போவதாகச் சொன்னாள்.

உயர்தர வகுப்புத் தொடங்கி முதலாம் தவணைகூட முடியவில்லை. பிரிவு மாற விரும்புகிறவர்கள் திங்கட்கிழமைக்குள் பள்ளிக்கூட அதிபரிடம் சொல்லவேண்டும். அன்று வியாழக்கிழமை. பிள்ளை எல்லாவற்றையும் யோசித்து வைத்துக்கொண்டுதான் வாயைத் திறந்திருக்கிறாள்.

“கொமர்ஸ் எண்டா என்ன, குறைஞ்ச படிப்பே? நானும் அதுதானே படிச்சனான்” என்றார் கணவர், தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் கணக்காளர். அதற்கு நான் பதில் சொல்லப் போனால் வீட்டில் வேறொரு சண்டை தொடங்கும்.

வர்த்தகத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இவள் சின்ன வயதில் எங்கள் மாடிக் கட்டடத்து லிஃப்டில் ஏறும்போதெல்லாம், இது ஏன் விழவில்லை, கயிறு அறுந்தால் நாங்கள் குதித்தால் தப்புவோமா என்று கேட்டுக் கேட்டு என் உயிரை எடுத்தவள். மின்விசிறியைக் கழற்றிவிட்டுப் பூட்டத் தெரியாமல் அழுதவள். அப்படிப்பட்டவள் ஒரு வாளியைக் கண்டு ஓடுகிறாள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நானும் கணிதப் பிரிவுதான். யாழ்ப்பாணத்தில் படித்தேன். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல் கொழும்புக்கு வந்து ஒரு காரியாலயத்தில் சேர்ந்தேன். இருந்தாலும் எங்கள் வீட்டில் கணக்கு என்றால் அம்மா என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காகக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

“இதென்ன பெரிய வேலையே? மேல இழுக்கேக்க பாரத்துக்கு எதிரா இழுக்கிறம். இழுவை கூட. கீழ இறக்கேக்க பாரமே இறங்குது. இழுவை குறைவு.”

“நானும் அப்பிடித்தான் எழுதினனான்” என்றாள். “விடையில ரெண்டும் ஒண்டு எண்டு கிடக்கு.”

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

“அச்சுப்பிழை” என்றேன்.

எங்கள் ஆட்களிடம் இது ஒரு பழக்கம். விடை வராவிட்டால் அச்சுப்பிழை. வெள்ளவத்தையில் விற்கும் கடந்தகால வினாத்தாள் புத்தகங்களில் உண்மையிலேயே பிழைகள் மலிந்து கிடப்பதால் பாதி நேரம் அது சரியாகவும் போய்விடும். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் விளக்கத் தொடங்கினேன். ஈர்ப்பு என்றேன், விளையுள் விசை என்றேன், திசை மாறினால் குறி மாறும் என்றேன், கையை மேலும் கீழும் ஆட்டினேன். நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில், “விளங்குதா?” என்று கேட்டேன்.

“ஓம் அம்மா” என்றாள்.

அந்த ஓமை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் டியூஷன் கொட்டில்களில் பிறந்த ஓம் அது. ஓலைக் கொட்டில் போய்க் குளிரூட்டிய மண்டபம் வந்தாலும் அது மாறவில்லை. இவள் போகும் வகுப்பில் முன்னால் ஆசிரியர் ஒலிவாங்கியோடு நிற்பார், பின்வரிசை வாங்கில் இருப்பவர்களுக்குத் திரையில்தான் தெரிவார். ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் “விளங்குதா பிள்ளையள்?” என்பார். மண்டபம் முழுவதும் “ஓம் சேர்” என்று ஒரே குரலில் சொல்லும். விளங்கியவர்களும் சொல்வார்கள், விளங்காதவர்கள் இன்னும் உரத்துச் சொல்வார்கள். என் வயதுக்காரர்களும் அப்படிச் சொல்லித்தான் வளர்ந்தோம். ‘இல்லை’ என்று ஒரு குரல் வந்ததை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் பஸ்ஸில் காலி வீதி நெடுக அதே வாளிதான் மண்டைக்குள் ஏறி இறங்கியது. மாறா வேகம் என்றால் வேகம் கூடுவதில்லை, அதாவது ஆர்முடுகல் இல்லை. ஆர்முடுகல் இல்லாவிட்டால் விளையுள் விசை பூச்சியம். அப்படியென்றால் மேலே போனாலும் கீழே போனாலும் இழுவை நிறைக்குச் சமன். புத்தகம் சரி. நான் பிழை. இவ்வளவும் பம்பலப்பிட்டி வருவதற்குள் தெளிவாகிவிட்டது. ஆனால் என் கை ஒத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் நான் ஒவ்வொரு நாள் காலையிலும் இதைச் செய்கிறவள்.

நாங்கள் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு சின்ன ஒழுங்கையில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். காலையில் ரொட்டி விற்கும் பாண்கார ஓட்டோ தன் பாட்டைப் போட்டுக்கொண்டு வரும்போது, பல்கனியிலிருந்து கயிற்றில் பையை இறக்குவோம். பாணை வைத்ததும் இழுத்தெடுப்போம். எங்கள் கட்டடத்தில் பாதி வீடுகளில் இப்படித்தான். இறக்குவது ஒன்றும் இல்லை, இரண்டு விரல் போதும். இழுப்பதென்றால் தோள் சொல்லும். பாண் ஏறியதால்தானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஆனால் முந்திய நாள் காலை தேங்காயைத் தவறுதலாகப் பைக்குள் விட்டுவிட்டு இறக்கி, அப்படியே திரும்ப இழுத்தெடுத்தேன். அதே தேங்காய்தான், ஆனால் இறங்கும்போது இலேசு, ஏறும்போது பாரம். புத்தகமும் சரி, கையும் சரி என்றால் எது பிழை? காரியாலயத்தில் இரண்டு கடிதங்களைப் பிழையாக அடித்துத் திட்டு வாங்கினேன்.

சனிக்கிழமை காலை பாண்காரனின் பாட்டு ஒழுங்கைக்குள் திரும்பியது. மகள் பல்கனிக் கதவில் சாய்ந்து நின்றாள். மத்தியானம் அவளுக்கு வகுப்பு. அதுதான் கடைசி வகுப்பு என்று முடிவு செய்திருந்தாள். நான் பைக்குள் வேண்டுமென்றே ஒரு தேங்காயைப் போட்டேன்.

“அம்மா, என்ன செய்யிறியள்?”

“பேசாமல் இரு.”

பையை மெதுவாக இறக்கினேன். இலேசு. நிறுத்தி, மெதுவாக இழுத்தேன். பாரம். திரும்ப இறக்கினேன், திரும்ப இழுத்தேன். கீழே பாண்காரன் கழுத்தை நிமிர்த்தி, ஏறி இறங்கும் பையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அக்கே, பாண் ஓனத, நெத்த?” என்று சிங்களத்தில் கத்தினான். பாண் வேண்டுமா வேண்டாமா என்று அவன் கேட்பது நியாயம்தான்.

“பொட்டக் இன்ன மல்லி!” என்று அவனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு நடுவில் கயிற்றை நிறுத்தினேன். அப்போதுதான் இன்னும் பெரிய குழப்பம் வந்தது. கையைச் சற்றுத் தளர்த்தினேன். பை இறங்கவில்லை. கொஞ்சம் இறுக்கி இழுத்தேன். பை ஏறவும் இல்லை. இரண்டாம் மாடி யன்னலுக்கு நேரே சும்மா தொங்கிக்கொண்டு நின்றது. அப்படியென்றால் இழுவை எவ்வளவு? தளர்த்தியபோது இருந்ததா, இறுக்கியபோது இருந்ததா? எனக்கு அழுகைகூட வந்தது.

“எனக்கு விளங்கேல்லப் பிள்ளை” என்றேன். “சத்தியமா விளங்கேல்ல. வியாழக்கிழமையும் விளங்கேல்ல. இப்ப அதைவிட விளங்கேல்ல.”

அவள் கதவை விட்டு நிமிர்ந்தாள்.

“உங்களுக்கோ?”

“எனக்குத்தான்.”

“நீங்கள் எல்லாம் தெரிஞ்ச மாதிரித்தானே கதைப்பியள். வகுப்பிலயும் எல்லாருக்கும் விளங்குது. எனக்கு மட்டும்தான் மண்டைக்குள்ள ஒண்டும் இல்லை எண்டு நினைச்சன்.”

இதுதான் விஷயம். வாளியும் இல்லை, வர்த்தகமும் இல்லை. என் பிள்ளை தவணை தொடங்கிய நாள் முதல் அத்தனை பேரின் ‘ஓம் சேர்’ நடுவில் தனியாக இருந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தால் இங்கே நான் ஒரு ‘ஓம்’ வாங்கியிருக்கிறேன். கயிறு கையில் இருந்ததால் அவளைக் கட்டிப்பிடிக்கவும் முடியவில்லை.

“தாங்கோ” என்று அவள் கயிற்றை வாங்கினாள். தளர்த்தினாள், இறுக்கினாள். பிறகு குனிந்து, கயிறு மேலாகப் போகும் பல்கனிக் கைப்பிடிக் குழாயைப் பார்த்தாள். கடல் காற்றில் அது செதில் செதிலாகத் துருப்பிடித்திருந்தது. கயிறு உரசும் இடம் மட்டும் தேய்ந்து ஒரு பள்ளமாக இருந்தது. அந்தப் பள்ளத்தை விரலால் தடவினாள்.

“அம்மா, புத்தகத்தில ஒப்பமான கப்பி. இது கரடு. இறக்கேக்க இந்தத் துருவும் பையைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது, அதாலதான் உங்களுக்கு லேசு. இழுக்கேக்க பையோட சேர்த்து இதையும் இழுக்கிறியள்.”

“அப்ப சும்மா நிக்கேக்க?”

அவள் யோசித்தாள். “நிக்கேக்க ஒரு விடை இல்லைப் போல. அந்தக் குறைஞ்சதுக்கும் இந்தக் கூடினதுக்கும் இடையில எதுவும் வரலாம்.”

“விடை இல்லாமல் ஒரு கணக்கோ?” என்றேன். எனக்கு அது மரியாதையான கணக்காகத் தெரியவில்லை. அவள் சிரித்தாள். அந்தத் தவணையில் அவள் பாடக் கொப்பியோடு சம்பந்தப்பட்ட எதற்கும் சிரித்து நான் பார்க்கவில்லை. கீழே பாண்காரன் பொறுமை இழந்து ஓட்டோவைக் கிளப்பிவிட்டான். அன்று காலை நாங்கள் பிஸ்கட் சாப்பிட்டோம்.

பின்னேரம் வகுப்பால் வந்தவள் செருப்பைக் கழற்றாமலே சமையலறைக்குள் வந்தாள்.

“இண்டைக்கு சேர் ‘விளங்குதா’ எண்டு கேட்டார். நான் ‘இல்லை’ எண்டிட்டன்.”

“ஐயோ, எல்லாருக்கும் முன்னாலயோ?”

“வாயில வந்திட்டுது. எல்லாரும் திரும்பிப் பார்த்தவை. கப்பி கரடா இருந்து, வாளி நடுவில சும்மா நிண்டா இழுவை எவ்வளவு எண்டு கேட்டன். முதல் அது பாடத்திட்டத்தில இல்லை எண்டார். பிறகு ஏதோ எழுதினார், அழிச்சார். திரும்பவும் எழுதி அழிச்சார். அடுத்த கிழமை சொல்லுறன் எண்டார்.” மூச்சு வாங்கினாள். “அவருக்கும் உடன விளங்கேல்ல அம்மா!”

பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளைகள் இப்படி முகத்தை வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த பிள்ளை மெதுவாகத் தனக்கும் ஒன்றும் விளங்குவதில்லை என்று காதுக்குள் சொன்னதாம். வர்த்தகத்தைப் பற்றிக் கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை வந்தது. காலையில் அவள் வெள்ளைச் சீருடையோடு வழமை போலப் பள்ளிக்கூடம் போனாள். மத்தியானம் வரை காரியாலயத்தில் என் கை வேலைக்கு வரவில்லை. மாலையில் நான் வந்தபோது சாப்பாட்டு மேசை முழுவதும் கயிறு, குழாய், பை என்று படம் கீறிய தாள்கள் பரந்து கிடந்தன.

“அதிபரிட்டப் போனனியோ?” என்று கேட்டேன்.

“ஏன்?” என்றாள், தலையை நிமிர்த்தாமல். பிறகு நினைவு வந்து, “ஆ, அதுவோ. இல்லை” என்றாள்.

அவ்வளவுதான். கணவர் தொலைபேசியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார், நான் வேறு பக்கம் பார்த்தேன். கண்ணைத் துடைக்க எனக்குக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது. மகள் என்னைக் கூப்பிட்டு, குழாயில் கயிறு எவ்வளவு தூரம் சுற்றிப் போகிறதோ அதைப் பொறுத்து உராய்வு எப்படிக் கூடுகிறது என்று படத்தைக் காட்டி விளக்கத் தொடங்கினாள். அம்புக்குறி போட்டாள், கோணம் போட்டாள், ஏதோ ஒன்றை வெட்டினாள், வேறொன்றைச் சமன் என்றாள். நடுவிலேயே நான் வழி தவறிவிட்டேன்.

“விளங்குதா அம்மா?”

ஓம் என்று சொல்லத்தான் வாய் திறந்தது. பழக்கம்.

“இல்லைப் பிள்ளை” என்றேன்.

“அப்ப இருங்கோ” என்று தனக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.