மூன்றாம் கியரில் பாலம்

என் அக்கா புருஷனுக்கு இடது முழங்கால் போய்விட்டது. தோப்பும்படி துறைமுகத்தில் மீன் ஏற்றிக்கொண்டு பாலம் ஏறும்போது, நெரிசலில் கிளட்சை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் உயிர் போகும் அவருக்கு. அவருடைய பழைய டீசல் பிக்கப் வண்டியை விட்டால் வேறு பிழைப்பும் கிடையாது.

மட்டாஞ்சேரியில் நான் பழைய வண்டிகளுக்கு, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ மாட்டிக் கொடுப்பவன். வாய் கொஞ்சம் நீளம். “மூணாவது கியர்லயே பாலம் ஏற வைக்கிறேன் மச்சான், கியர் மாத்தவே வேண்டாம். காலைத் தூக்கி ஓரமா வச்சுக்குங்க” என்றேன்.

சின்ன டர்போவாகப் பார்த்து மாட்டினேன். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே காற்றழுத்தம் ஏறும்படி திருகி வைத்தேன். டீசலையும் கூட்டினேன். பாலத்தில் ஓட்டிப் பார்த்தோம். மூன்றாம் கியரில் ஜம்மென்று ஏறியது. “எடா மாப்ளே, கலக்கிட்டே!” என்று சிரித்து என் முதுகில் ஒரு போடு போட்டார். அவர் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

வண்டி காலியாக இருந்தது. அதுதான் நான் செய்த மடத்தனம். மீன் லோடோடு பட்டறைக்கு வந்தால் ஐஸ் தண்ணீர் வடிந்து தெருவே நாறும், அக்கம்பக்கம் சண்டைக்கு வரும். அதனால் இங்கே கழுவிக் காயவைத்த வண்டியில்தான் எல்லாச் சோதனையும்.

மறுநாள் காலை மத்தி மீனும் ஐஸும் நிறைய ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பெருமை பார்க்க நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாதிப் பாலத்தில் முன்னால் ஒரு பஸ் ஊர்ந்தது. எங்கள் வேகம் இறங்கியது. எஞ்சினுக்குள் ஏதோ கடகடவென்று தட்ட ஆரம்பித்தது. பாரத்தோடு திணறும் எஞ்சினுக்குள் இத்தனை அழுத்தம் போனால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு தாங்காது.

“மச்சான், ரெண்டுல போடுங்க! ரெண்டுல போடுங்க!”

“வேண்டாம்னு நீதானேடா சொன்னே?” என்று சிரித்தபடி ஆக்சிலரேட்டரை இன்னும் அமுக்கினார்.

டமாரென்று ஒரு சத்தம். வண்டி நின்றது. இறங்கிக் குனிந்து பார்த்தேன். ராடு எஞ்சினைப் பொத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. ஆயில் ரோட்டில் ஓடியது. பின்னால் ஒரே ஹாரன். “சேட்டா, வண்டி மாத்து!” என்று யாரோ கத்தினான். எங்கே நகர்த்த? கை வைக்க ஒன்றுமே மிச்சமில்லை. பாவி, என்ன பண்ணித் தொலைத்தேன்!

அவர் நொண்டிக்கொண்டே இறங்கி வந்தார். முகத்தில் துளி கோபமில்லை. “நீ பார்த்துச் சரி பண்ணு மாப்ளே. அதுவரைக்கும் ஐஸ் உருகாம நான் பார்த்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு, பின்பக்கம் போய் தார்ப்பாயை இழுத்து மூடத் தொடங்கினார்.